காடி எடுப்பதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் வீட்டு வரைபடமும் வந்து சேர்ந்தன. காவேரிப்பட்டணத்தில்தான் வீடு கட்டுவேன் என்று கல்லூரி நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருவழியாகத் தளமும் போட்டுவிட்டாய். மிக்க மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அரூர் பக்கம் ஆசிரியை வேலை. தர்மபுரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

டைல்ஸ் என்ன நிறம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதைத் தங்கச்சியிடம் விட்டுவிடு. டைல்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சுவருக்குள் போன குழாயை மாற்றச் சுவரையே உடைக்க வேண்டும். ஆகவே குழாய் பதிக்கச் சுவரில் பள்ளம் வெட்டி பிளம்பர் காடி எடுப்பதற்கு முன் நீ யோசிக்க வேண்டியது அதைத்தான்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தண்ணீர்க் கணக்கும் கரண்ட் கணக்கும் வேறு வேறல்ல. போர் கிணற்றில் தண்ணீர் மட்டம் 800 அடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள். அங்கிருந்து 1000 லிட்டரை மேலே தூக்கவே ஏறத்தாழ 0.66 யூனிட் வேண்டும். மோட்டாரும் பம்பும் விழுங்குவதைச் சேர்த்தால் ஒன்றரை யூனிட்டைத் தொட்டுவிடும். தொட்டி நிரம்பி மாடியில் வழிந்தோடும் தண்ணீரெல்லாம் மின் கட்டணத்தில் வந்து உட்காரும். தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் தானியங்கிக் கருவியை முதல் நாளே மாட்டிவிடு.

அடுத்து சுடுதண்ணீர். உன் வரைபடத்தில் சோலார் ஹீட்டர் மாடியின் ஒரு மூலையில், குளியலறை நேர் எதிர் மூலையில். நடுவே 40 அடிக்குக் குறையாமல் குழாய் ஓடும். முக்கால் அங்குலக் குழாய் என்றால் அதற்குள் சுமார் மூன்று லிட்டர் ஆறிப்போன தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதைக் கீழே விட்ட பிறகுதான் சூடு வரும். குளித்து முடித்ததும் மறுபடி அதே அளவு சுடுதண்ணீர் குழாய்க்குள் நின்று வீணாக ஆறும். ஹீட்டரைக் குளியலறைக்கு நேர் மேலே கொண்டுவந்துவிடு. ஒரே குளியலறைக்குப் போகும் கிளைக்கு அரை அங்குலக் குழாய் போதும். உள்ளே நிற்கும் தண்ணீர் பாதியாகும். பெரிய குழாய்தான் நல்லது என்று பிளம்பர் அடித்துப் பேசுவார், கேட்காதே. மாடியில் வெயிலிலும் பனியிலும் கிடக்கும் பகுதிக்கு நுரை உறை போடச் சொல். ஒரு வாளித் தண்ணீரை, 20 லிட்டர், கரண்ட் கீசரில் 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை யூனிட் ஆகிறது. மார்கழியில் வீட்டில் நான்கு பேர் குளித்தால் கீசர் எவ்வளவு தின்னும் என்று நீயே போட்டுப் பார்.

உப்புத் தண்ணீரை மறந்துவிடாதே. போர் தண்ணீர் அப்படியே ஹீட்டருக்குப் போனால் உள்ளே சுண்ணாம்பு படிந்து, சூடேறும் நேரம் கூடிக்கொண்டே போகும். குழாய் முனையில் திருகும் சல்லடை, அதுதான் காற்றைக் கலந்து தண்ணீரைப் பாதியாகக் குறைத்துத் தருவது, அதற்கும் இதே கதிதான். என் சமையலறைக் குழாயில் அதைக் கழற்றிப் பார்த்தால் கண்ணெல்லாம் வெள்ளைப் பொருக்கு அடைத்துக் கிடக்கும். இரவு எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுக் காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் புதிதாகிவிடும். இதற்குச் சோம்பல்பட்டுச் சல்லடையையே தூக்கியெறிபவர்கள்தான் அதிகம்.

கழிப்பறைக்கு 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரட்டைப் பொத்தான் வைத்த தொட்டி வாங்கு. கசிகிறதா என்று சந்தேகம் வந்தால் தொட்டியில் சொட்டு நீலம் விட்டுக் கால் மணி நேரம் பொறு. கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷர் போயிற்று.

இனி நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் ஒன்று. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. பெயருக்கு ஒரு குழி தோண்டி ஜல்லி கொட்டி அனுமதி வாங்கியவர்கள் நம் ஊரில் உண்டு. நீ அப்படிச் செய்யாதே. நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது உனக்குத் தெரியும். நம்மோடு படித்த பாதிப் பேருக்குப் பல் காவியேறித்தானே இருந்தது? லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சினாலும் அது போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஜப்பான் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதே இதற்காகத்தான். வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்தாலோ, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அதில் ஃபுளோரைடு இன்னும் அதிகம்; தரை துடைக்க மட்டும் ஆகும். மழைநீரில் இந்தத் தொல்லையே கிடையாது. 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியை வடிகட்டித் தனித் தொட்டியில் மூடி வை. சமையலுக்கும் குடிக்கவும், காய்ச்சிக்கொண்டால், அதைவிட நல்ல தண்ணீர் வேறென்ன? அந்தத் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு தனிக் குழாய் இப்போதே போட்டுவிடு.

குளியலறைத் தண்ணீரையும் கழிப்பறைக் குழாயோடு சேர்த்துவிடாமல் தனியே பிரித்து வாழைக்கு விடு. இரண்டும் ஒரே குழாயில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

காடி எடுக்கும் நாளை முன்கூட்டியே எழுது, பஸ் ஏறி வருகிறேன். நான் வரும்வரை பிளம்பரிடம் வாய் திறக்காதே; யார் எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுவது உன் பழைய வழக்கம். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். போன ஆண்டு கொடுத்தனுப்பிய செந்தூரா மாம்பழம் போல இந்த முறையும் உண்டா?

உன்,
பழைய அறைத் தோழன்