மணவறைக் கதிரையும் மூன்று லூயி மன்னர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கலியாண மண்டப விளம்பரங்களில் 'பிரெஞ்சு அரச பாணி மணவறை' என்று போடுகிறார்கள். படத்தைப் பார்த்தால் மூன்று லூயி மன்னர்களின் காலமும் ஒரே கதிரையில் இருக்கிறது. கலப்பது அவரவர் விருப்பம். அதில் எது உடையும், எது கறுக்கும் என்று ஓடாவிமாரும் மண்டபக்காரரும் தெரிந்து வைத்தால் காசு மிஞ்சும்.

14ஆம் லூயியின் பரோக் பாணிக்கு ஊற்று ரோம். அவருடைய வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தை (1678–1684) அலங்கரித்த ஓவியர் லெ பிரன் ரோமில் பயின்றவர். இந்தப் பாணிக் கதிரைக்குக் கனத்த உருவம், பெரிய இலைச் செதுக்கு. 15ஆம் லூயி காலத்து ரொக்கோக்கோ பாணியில் கதிரையின் கால் வளைந்தது. சிப்பிச் செதுக்கின் ஒரு பாதி மறுபாதி போல் இராது. இத்தாலியில் எரிமலை வெடிப்பில் புதைந்த ரோம நகரங்களான ஹெர்குலேனியம் (1738), பொம்பெயி (1748) அகழ்வுகளுக்குப் பிறகு பழைய ரோம வடிவங்களில் மோகம் வந்து, கால் நேரானது. இதற்கு 16ஆம் லூயியின் பெயர் ஒட்டிக்கொண்டாலும், இதே பாணியிலான சின்னத் திரியனோன் மாளிகை (1762–1768) அவருடைய பாட்டனார் ஆட்சியிலேயே எழும்பிவிட்டது.

இங்கே எல்லோரும் கேட்பது வளைந்த கால். அதற்கு 3 அங்குலச் சதுரக் கட்டையாவது வேண்டும். வளைவைக் கூட்டி, கணுக்காலை மெலிய விட்டால் மரத்தின் நார் அந்த இடத்தில் குறுக்கே அறுபட்டுவிடும். மண்டபங்களில் கதிரையை யார் தூக்குகிறார்கள்? இழுக்கத்தான் செய்கிறார்கள். முறிவதும் அங்கேதான்.

நேர்க்காலில் நார் மேலிருந்து கீழ்வரை முழுதாக ஓடும். கடைசல் பிடித்து, உச்சியை மட்டும் சதுரமாக விட்டால் இரண்டு பக்கச் சட்டங்களின் கழுந்துகளும் (துளையில் பொருந்தும் முனைகள்) அதில் இறுக இறங்கும். பிரெஞ்சுத் தச்சர்கள் வட்டப்பூ செதுக்கியது அந்தச் சதுரத்தின் முகத்தில்தான். முதிரையில் செய்வதானால் கவனம்: நார் பின்னலானது, உளி எதிர்த்துப் போனால் சிம்பு பெயரும். தேக்கு இலகு.

அடுத்தது பொன் நிறம். கடையில் வாங்கும் 'கோல்ட் பெயின்ற்' பெரும்பாலும் பித்தளைத் தூள். வியர்வையும் ஈரமும் பட்டால் கறுக்கும், சில இடத்தில் பச்சை பிடிக்கும். பழைய பிரெஞ்சு முறையில் தோற்பசையும் சுண்ணப்பொடியும் பல பூச்சு, மேலே செங்களி, அதன்மேல் தங்கரேக்கு (மெல்லிய தங்கத் தகடு). வன்னியில் மார்கழி ஈரத்தில் அந்தப் பசை ஊதும், ஆடி வெயிலில் சுருங்கி வெடிக்கும். ஆகவே எண்ணெய்ப் பசை முறையே நல்லது: பிரைமர் இரண்டு பூச்சு, செங்காவி ஒன்று, பிறகு பசை. விரல் முட்டியை வைத்து எடுத்தால் 'டிக்' என்று சத்தம் வரவேண்டும், முட்டியில் பசை ஒட்டக்கூடாது. அதற்கு முன்னர் ரேக்கு வைத்தால் அமிழ்ந்து மங்கிப்போகும். பித்தளை ரேக்கென்றால் ஒரு நாள் விட்டு செல்லாக் (அரக்கு மெருகு) பூச வேண்டும். அசல் தங்கத்துக்கு அது தேவையில்லை.

கறுத்த கதிரைக்கு மேலேயே மறுபடி பெயின்ற் அடிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மூன்றாம் தடவையில் செதுக்கெல்லாம் மூடிப்போகும். முதலில் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தளபாட வேலை தெரிந்த வாசகர்,
கிளிநொச்சி.