'பார்வையாளர்' என்று எழுதியது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சியில் வரும் குவாண்டம் இயற்பியல் (எலக்ட்ரான் போன்ற நுண்துகள்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றிய இயற்பியல்) தொடர்கள் பார்க்கப் பிரமாதமாக இருக்கின்றன, முடிந்த பிறகு மனதில் ஒன்றும் நிற்பதில்லை என்று சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆங்கில அறிவியல் ஆவணப்படங்களுக்குத் தமிழ் டப்பிங் ஸ்கிரிப்ட் எழுதிப் பிழைக்கிறவள் நான். கல்லூரியில் படித்தது இயற்பியல் என்பதால் அணு, அண்டம் என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் தள்ளிவிடுவார்கள்.

நான் செய்ததிலேயே பெரிய தப்பு ஒரே ஒரு சொல். 'அப்சர்வர்' என்பதைப் 'பார்வையாளர்' என்று எழுதினேன். கொடுத்த நேரத்துக்குள் கச்சிதமாக அடங்கியது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. "பார்வையாளர் நோக்கும்போதுதான் எலக்ட்ரான் ஓரிடத்தில் நிலைகொள்கிறது" என்று கம்பீரமான குரலில் ஒலித்தது. ஒளிபரப்பான இரவு என் மாமியார் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, பார்வையாளர்னா டிவி பாக்குற நாமதானே? நாம பாக்கலைன்னா அது இருக்காதா?" என்றார். கண்ணை இறுக மூடி, சட்டென்று திறந்தும் பார்த்துவிட்டார். நான் சிரித்தேன். பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதானே பொருள்? திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் பார்வையாளர். ஆனால் குவாண்டத்தில் பேச்சு அளவீட்டைப் பற்றியது. ஒரு கருவி போதும், ஒரு படலம் போதும், வழியில் வந்து மோதும் காற்று மூலக்கூறு கூடப் போதும். மனிதக் கண் வேண்டாம், மனம் வேண்டவே வேண்டாம். 'நீ நினைத்தால் பிரபஞ்சம் மாறும்' என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு நானே ஒரு சொல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

2022இல் ஆஸ்பே, கிளாசர், ஸைலிங்கர் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது 'என்டாங்கிள்மென்ட்'டுக்கு, அதாவது இரண்டு துகள்கள் எவ்வளவு விலகியிருந்தாலும் தனித்தனியாக விவரிக்க முடியாத நிலைக்கு, அவசரமாக ஒரு சொல் வேண்டியிருந்தது. 'குவாண்டம் சிக்கல்' என்றால் ஏதோ பிரச்சினை கிளம்பிவிட்டது போலிருக்கிறது. 'பிணைப்பு' என்றால் பள்ளிக்கூடத்து வேதிப்பிணைப்பு வந்து குறுக்கே நிற்கிறது. இப்போதைக்குப் 'பின்னல்' என்று எழுதுகிறேன். யாராவது சடையை நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதாவது ஒட்டிக்கொள்ளும். 'ஸ்பின்' கதை இன்னும் மோசம். அது துகளுக்கு இயல்பிலேயே உள்ள ஒரு பண்பு, துகள் நிஜமாகச் சுற்றுவதில்லை. திரையில் ஏற்கெனவே பம்பரம் சுற்றிக்கொண்டிருக்கும். நான் 'தற்சுழற்சி' என்று எழுதி அந்தப் பொய்க்கு முத்திரை குத்துவேன்.

சொல் மட்டும் காரணமில்லை. தமிழில் வினை கடைசியில் வரும், 'இல்லை'யும் 'அல்ல'வும் கடைசியில்தான் வரும். குவாண்டம் இயற்பியலில் பாதி வாக்கியங்கள் 'அல்ல' என்று முடிகிறவை. "எலக்ட்ரான் என்பது சூரியனைச் சுற்றும் கோளைப் போல அணுக்கருவைச் சுற்றிவரும் சின்னஞ்சிறு கோலி..." என்று குரல் சொல்லும்போது திரையில் பளபளவென்று நீலக் கோலி ஓடும். "...அல்ல" வரும்போது படம் மாறி, ஒரு விண்மீன் கூட்டம் வெடித்துக்கொண்டிருக்கும். கோலி மனதில் தங்கிவிடும். 'அல்ல' காற்றோடு போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பூனை வேறு. பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை உயிரோடும் செத்தும் ஒருசேர இருப்பதாகச் சொல்லப்படும் கற்பனைப் பூனை அது. 1935இல் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் அதைக் கொண்டுவந்தது, 'குவாண்டம் சமன்பாட்டை அப்படியே பூனை வரைக்கும் நீட்டினால் எவ்வளவு அபத்தமாகிறது பாருங்கள்' என்று காட்டத்தான். தொடர்களில் அதையே முதல் காட்சியாக வைத்து, விந்தை என்று விற்கிறார்கள். நான் எழுதிய ஸ்கிரிப்டுகளில் எத்தனை பூனைகள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

என்னதான் செய்யலாம்? படத்தில் பளபளப்பு கூடக்கூடப் புரிவது குறைகிறது என்பது என் அனுபவம். 1964இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஃபெய்ன்மன் பொதுமக்களுக்குப் பேசியதை பிபிசி படம்பிடித்தது. கரும்பலகை, சாக்பீஸ், ஒரு மனிதர், அவ்வளவுதான். இரண்டு துளைகள் வழியாக முதலில் துப்பாக்கிக் குண்டு, அடுத்து தண்ணீர் அலை, மூன்றாவதாக எலக்ட்ரான் என்று நிதானமாக நடத்திக்கொண்டு போவார். ஜப்பானில் இயற்பியலாளர் தோனோமுராவின் குழு 1989இல் வெளியிட்ட சோதனை அதற்கும் மேல். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாக விழுகிறது. முதலில் கண்டபடி இறைந்த புள்ளிகள். ஆயிரக்கணக்கில் சேரச் சேர, அலைகளுக்கே உரிய வரிவரியான பட்டைகள் எழும்பி வருகின்றன. இதை வேகம் கூட்டாமல், பின்னணி இசை இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்தச் சேனலுக்குத் துணிச்சல் வரும்? ஐந்து நிமிட மௌனம் என்றால் ரிமோட்டைத் தேடுவார்கள் என்கிறார்கள்.

ரிமோட்டைத் தேட வேண்டாம், கறுப்புக் கண்ணாடியைத் தேடச் சொல்லுங்கள். எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் முனைவாக்கம் பெற்றது, அதாவது ஒரே திசையில் மட்டும் அதிர்வது. நான் வீட்டில் செய்து காட்டினேன். மாமியாரிடம் ஒரு போலராய்டு கண்ணாடியை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பிளாஸ்டிக் படலம் உள்ள கறுப்புக் கண்ணாடி) கொடுத்து, திரைக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பச் சொன்னேன். ஒரு கோணத்தில் செய்தி வாசிப்பவர் இருட்டில் மறைந்தார். அந்தக் கண்ணாடியை அசைக்காமல், அதற்கும் திரைக்கும் நடுவே இன்னொரு போலராய்டு கண்ணாடியைச் சாய்வாக நுழைத்தேன். மறைத்ததன் மேல் இன்னொன்றை வைத்து மறைத்தால் இன்னும் இருட்டத்தானே வேண்டும்? செய்தி வாசிப்பவர் மங்கலாகத் திரும்ப வந்தார்! சாய்வு 45 பாகையானால், படலத்தில் வேறு இழப்பில்லாத பட்சத்தில், கால் பங்கு ஒளி தப்பி வரும்.

அலை என்று சொல்லியே இதை விளக்கிவிடலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக, அதாவது ஒவ்வொரு ஒளித்துகளாக அனுப்பினாலும் கணக்கு அதேதான். எது நுழையும், எது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி என்றுதான் சொல்லலாம். சாய்ந்த படலத்தைத் தாண்டிய ஃபோட்டானுக்குப் பழைய திசை கிடையாது, படலத்தின் திசைதான். அளந்ததும் நிலை மாறிவிட்டது. அளந்தது யார்? மாமியார் இல்லை, நானும் இல்லை. அந்த பிளாஸ்டிக் படலம். "அப்ப பார்வையாளர் இந்தக் கண்ணாடியா?" என்று கேட்டார் அவர். நான்கு தொடர் எழுதியும் என்னால் சொல்ல முடியாமல் போனது அதுதான்.

இப்போது புதிய தொடர் ஒன்றின் ஸ்கிரிப்ட் மேசையில் கிடக்கிறது. 'அப்சர்வர்' பதினேழு இடத்தில் வருகிறது. பதினேழிலும் 'அளவிடும் கருவி' என்று போட்டுவிட்டேன். நேரத்துக்கு அடங்கவில்லை என்று ஒலிப்பதிவாளர் நேற்றே போன் செய்துவிட்டார். அடங்குகிற மாதிரி ஒரு நல்ல சொல் உங்கள் வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் இந்தப் பகுதியிலேயே எழுதட்டும். பதிவு வெள்ளிக்கிழமை.

இப்படிக்கு,
ஒரு டப்பிங் எழுத்தாளர்