பெட்டியின் மேல் எழுதுங்கள்: சமையலறை விளக்குத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமையலறை மேல் அலமாரிக்கு அடியில் பொருத்தும் எல்இடி விளக்குகளைத் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த விளக்கு எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூரை விளக்கு சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் எரிகிறது. அவருடைய நிழலே கத்தி ஓடும் இடத்தில் விழுகிறது. அந்த நிழலைப் போக்கத்தான் உங்கள் பொருளைத் தேடி வருகிறோம். வந்தால், பெட்டியில் இருக்க வேண்டிய விவரம் எதுவும் இருப்பதில்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் சமையல் மேடைக்கு மேலே ஒரே வரிசையில் மூன்று விளக்குகள் போட்டிருந்தோம். உத்தரவாதக் காலம் முடிந்த கொஞ்ச நாளிலேயே நடுவில் இருந்தது மினுக்கத் தொடங்கியது, அப்புறம் அணைந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். திருகு எதுவும் இல்லை, முனை மூடிகள் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. உடைத்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே எல்இடி வரிசை முழுக்க நன்றாக இருந்தது, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் பளிச்சென்று எரிந்தது. போனது டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பாகம், விரல் நீளத்தில் ஒரு சின்னப் பலகை. அது தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்தால், இல்லை, முழு விளக்கையும் மாற்றுங்கள் என்றார்கள். அலுமினிய உடல், ஒளியைப் பரப்பும் மூடியான டிஃப்யூசர், எரிகிற எல்இடிகள் எல்லாம் குப்பைக்குப் போயின.

பெட்டியில் 50,000 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தீர்கள். நாளுக்கு 4 மணி நேரம் எரித்தால் 34 ஆண்டுகள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். எல்எம்-80 என்ற சோதனையில் எல்இடியை மட்டும் குறைந்தது 6,000 மணி நேரம் எரித்துப் பார்ப்பார்கள். ஒளி எவ்வளவு மங்குகிறது என்று அளந்து, டிஎம்-21 என்ற கணக்குப்படி அதிகபட்சம் சோதனைக் காலத்தின் ஆறு மடங்கு வரை முன்கூட்டிக் கணிப்பார்கள். ஒளி 70 சதவீதமாகக் குறையும் நேரமே அந்த ஆயுள். இந்தக் கணக்கில் டிரைவர் எங்குமே இல்லை. அடுப்புக்கு அருகே, ஆவியும் வெப்பமும் படுகிற அலமாரிக்கு அடியில், மூடிய குழலுக்குள் உட்கார்ந்திருப்பது அந்த டிரைவர்தான். அதில் இருக்கும் மின்னாற்பகுப்பு மின்தேக்கி, வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கும் பொருள். முதலில் சாகப்போகும் பாகத்தைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிட்டு, கடைசியில் சாகப்போகும் பாகத்தின் ஆயுளைப் பெட்டியில் அச்சிடுவது நியாயமா?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதே மாடல் எண்ணில் புது விளக்கு வாங்கி மாட்டியதும் வந்த சிக்கல்தான் பொறுக்க முடியாதது.

வெள்ளை ஒளி மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று சொல்லும் அளவு கெல்வின். பழைய இரண்டின் மேலும் 4000 கெல்வின் என்று இருக்கிறது. புதியதின் மேலும் அதேதான். ஆனால் எரியவிட்டால் பழையவை இளமஞ்சள் கலந்த வெள்ளை, நடுவில் இருப்பது லேசாகப் பச்சை ஓடிய வெள்ளை. ஒரே மேடையில் இரண்டு நிறம். 4000 கெல்வின் என்று சொல்லப்படும் விளக்கு, அமெரிக்கத் தர நிர்ணயத்தின்படி ஏறத்தாழ 3,710 முதல் 4,260 கெல்வின் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பச்சைப் பக்கமோ இளஞ்சிவப்புப் பக்கமோ கொஞ்சம் சாயவும் இடம் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமாகப் பிரித்தெடுத்த எல்இடிகள் உங்களுக்குக் கிடைக்கின்றன. நிற வேறுபாட்டை அளக்கும் முறைப்படி மூன்று படி மெக்காடம் என்று நீங்களே விலைப்பட்டியலில் பிரித்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வரும் பெட்டியில் மட்டும் அந்த ஒரு வரியைக் காணோம்.

எங்கள் வீட்டுச் சமையல் இன்னும் அம்மா கையில்தான். எழுபது தாண்டிவிட்டது. வயது ஏற ஏற கண்மணி சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளாகிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பார்கள். அவர் நிற்கும் இடம் அந்த நடு விளக்கின் கீழே. அங்கே இறைச்சியை வைத்தால் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. "இது நல்லாத்தானே இருக்கு? கெட்டுப்போகலையே?" என்று கேட்கிறார். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். இரவில் அந்த வழியும் இல்லை. நாற்பது ஆண்டுக்கு மேலாகச் சமைத்த ஒருவரைத் தன் கண்ணைத் தானே நம்பாதபடி ஒரு விளக்கு ஆக்கியிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதற்கும் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளை எல்இடி பெரும்பாலும் நீல எல்இடிதான். மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. மலிவான பூச்சில் ஆழ்ந்த சிவப்பு குறைந்துபோகிறது. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்ற எண் இருக்கிறது. ஆனால் அது முதல் எட்டு மாதிரி நிறங்களின் சராசரி, அவை எல்லாம் வெளிறிய நிறங்கள். அடர் சிவப்பு ஒன்பதாவது மாதிரி, அதாவது ஆர்9. அது சராசரியில் சேருவதே இல்லை. அதனால் சிஆர்ஐ 80 என்று போட்ட விளக்கின் ஆர்9 பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் யாரும் கேட்க முடியாது. வராந்தாவுக்கு அது போதும். இறைச்சி வெந்ததா, பழம் பழுத்ததா, விரலில் கத்தி பட்டதா என்று பார்க்கிற இடத்துக்குப் போதாது. சமையலறைக்கு என்று விற்கிற விளக்குக்கு சிஆர்ஐ 90 வேண்டும். ஆர்9 எண்ணைத் தனியாகப் போட வேண்டும். என் பெட்டியில் இருந்தது "இயற்கையான ஒளி" என்ற இரண்டு சொற்கள்.

ஆகவே கேட்கிறேன்: பெட்டியின் மேல் எழுதுங்கள். கெல்வின், அதன் ஏற்ற இறக்கம், சிஆர்ஐ, ஆர்9. இவ்வளவும் ஒரே வரியில் அடங்கும்.

லூமன் விஷயமும் இப்படித்தான். வாட் என்பது மின்சாரச் செலவு, வெளிச்சத்தின் அளவு லூமன்தான். சிலர் லூமன் போடுகிறார்கள், ஆனால் அது உள்ளே இருக்கும் ஸ்ட்ரிப்பின், அதாவது எல்இடி வரிசைப் பட்டையின் லூமன். பால் நிற டிஃப்யூசர் கணிசமான ஒளியை விழுங்கிவிடும். மேடைக்கு வந்து சேர்வது மீட்டருக்கு எத்தனை லூமன் என்று சொல்லுங்கள். விளக்கை அலமாரியின் முன் விளிம்பை ஒட்டிப் பொருத்தினால் மேடை முழுவதும் ஒளி விழும், பின் சுவரை ஒட்டிப் பொருத்தினால் சுவர்தான் பளபளக்கும் என்பதற்கு ஒரு சின்னப் படம் போடக்கூடாதா? பளபளப்பான கல் மேடை என்றால் எல்இடி ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாக அதில் தெரியும், அங்கே எல்இடிகளை நெருக்கி வைத்து ஒரே கோடாக ஒளிரும் சிஓபி ஸ்ட்ரிப்போ டிஃப்யூசரோ வேண்டும் என்பதையும் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். நீளமாக ஓட்டும்போது 12 வோல்ட் ஸ்ட்ரிப்பின் கடைசிப் பகுதி மங்கும், 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதியாவதால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்குப் பால பாடம். எங்களுக்கு யார் சொல்வது?

மினுக்கலையும் சொல்லியாக வேண்டும். மலிவான டிரைவர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. கண் அதை நேரடியாக உணராது, ஆனால் வேகமாக அசையும் கத்தி துண்டு துண்டாகத் தெரியும். கூரிய கத்திக்கு நேர் மேலே தொங்கும் விளக்கில் இதை ஏன் மறைக்க வேண்டும்?

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2020 எண்ணுள்ள விதி 2021 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. பொருளைச் சேதப்படுத்தாமல், சாதாரணக் கருவிகளைக் கொண்டே ஒளிமூலத்தையும் தனி டிரைவரையும் மாற்ற முடிய வேண்டும், முடியாதென்றால் தொழில்நுட்பக் காரணம் காட்ட வேண்டும் என்கிறது. மினுக்கலுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. விதி கட்டாயப்படுத்தும் இடத்தில் திருகு வருகிறது, கட்டாயம் இல்லாத இடத்தில் பசை வருகிறது. விளக்கு மட்டுமா இப்படி? கைபேசி, காதுக்கருவி, மின்சாரப் பல் தூரிகை, எதையும் திறக்க முடியவில்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர் எதிரில் நிற்கிறார், அவர் கைக்கு வேலை இல்லை. எரிகிற எல்இடியைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, அதே பெட்டியில் பச்சை இலை படம் போட்டு மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசுகிறீர்கள்.

சரி, மற்றப் பொருள்களை அவரவரிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பதைத் தாழ்மையுடனே கேட்கிறேன். டிரைவரை வெளியே வையுங்கள், அல்லது திருகு போட்டு மூடுங்கள். அதைத் தனியாக விற்பனைக்கு வையுங்கள். எல்இடி வாங்கும் இடம் மாறினால் மாடல் எண்ணையும் மாற்றுங்கள், அல்லது தொகுதி எண்ணை விளக்கின் மேலேயே அச்சிடுங்கள். நிறத்தையும் ஒளியையும் பற்றிய உண்மையான எண்களைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விளக்கை வெறும் சுவரில் எரியவிட்டுக் காட்டாமல், கீழே சிவப்பாக ஏதாவது ஒன்றை வைத்துக் காட்டுங்கள்.

இப்போதைக்கு என் மாடலுக்குப் பொருந்தும் டிரைவரைத் தனியாகத் தர முடியுமா, பழைய இரண்டின் நிறத்தோடு ஒத்துப்போகும் விளக்கு உங்கள் கிடங்கில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்காவது பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். மூன்றையும் கழற்றிவிட்டு வேறு வழி பார்க்கிறோம்.

நன்றியுடன்,
ஒரு வாடிக்கையாளர்