நாங்கள் நடிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எர்த் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'எர்த் 2' ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் சொன்ன கருத்துகளைத் தொகுத்துப் போட்டிருந்தீர்கள். 1993இல் வந்த ஆல்பத்துக்கு இப்போதாவது இரண்டு பக்கம் கிடைத்ததே என்று ஆசையாகத்தான் பிரித்தேன். நட்டநடுவில், கொட்டை எழுத்தில், கட்டம் கட்டி ஒரு வரி: "இதைப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் எல்லாரும் நடிக்கிறார்கள்." இதழை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படிக்க மனம் வந்தது.

ஒருவருக்கு ஓர் ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் அது அவர் உரிமை. "போர் அடிக்கிறது", "தலைவலி", "காசு தண்டம்" என்று எழுதியவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர்கள் தங்கள் காதைப் பற்றிப் பேசினார்கள். இந்த ஒருவர் என் காதைப் பற்றிப் பேசுகிறார். பல வருடமாக நான் விரும்பிக் கேட்டு வரும் ஒன்றைப் பொய் என்கிறார். சரி, அவர் ஏதோ கோபத்தில் எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தேடி எடுத்துக் கட்டம் கட்டியது நீங்கள்தானே?

அந்த ஆல்பத்தில் மூன்றே உருப்படிகள். மொத்தம் 70 நிமிடத்துக்கு மேல். கடைசி உருப்படி மட்டுமே அரை மணி நேரம். டிலன் கார்ல்சனின் கிதார், டேவ் ஹார்வெல்லின் பேஸ். மூன்றாவதில் வரும் கொஞ்சம் தாளத்தைத் தவிர டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. "ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுதிய வாசகருக்காகச் சொல்கிறேன்.

நான் ஒரு சிறிய குழுவில் பேஸ் வாசிப்பவன். ஒருநாள் ஒத்திகை முடிந்த பிறகு பெரிய ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தைப் போட்டோம். முதல் உருப்படியில் ஒரு ஸ்வரம் இறங்கி நிலைத்தபோது, மூலையில் சும்மா இருந்த ஸ்னேர் டிரம் தானாகவே 'ஸ்ர்ர்ர்' என்று இரைய ஆரம்பித்தது. அடித்தோலை ஒட்டியிருக்கும் கம்பிகள் அந்த அதிர்வுக்கு ஒத்து அதிர்கின்றன. ஸ்வரம் மாறியது, இரைச்சல் நின்றது. அதே ஸ்வரம் திரும்பியது, மறுபடி ஆரம்பித்தது. எங்கள் டிரம்மர் எழுந்து போய்க் கம்பியைத் தளர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஆல்பம் முடியும் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை, பேசவும் இல்லை. யாருக்காக நடித்தோம் ஐயா? அந்த அறையில் எங்களைத் தவிர யாருமே இல்லை.

நடப்பது இதுதான். கிதாரின் ஒலி ஆம்பிளிஃபயரிலிருந்து வெளியே வந்து, திரும்பவும் அதே கம்பியை அதிர வைக்கிறது. அதனால் ஸ்வரம் அடங்குவதே இல்லை. அடங்குவதற்குப் பதில் அதற்குள்ளிருந்து மேல்ஸ்வரங்கள், அதாவது அதோடு சேர்ந்தே பிறக்கும் உயர்ந்த ஒலிகள், ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. இரண்டு கம்பிகள் சுருதியில் ஒரு நூல் விலகியிருந்தால், ஒலி மெதுவாக ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தோமே, அதுதான். அந்த ஏற்ற இறக்கமே இங்கே தாளம். அது பிடிபட ஐந்து நிமிடம் ஆகும், பத்து நிமிடம்கூட ஆகலாம். உங்கள் பக்கத்தில் கருத்து சொன்னவர்களில் இருவர், இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த நட்சத்திரங்களையும் கூட்டி, சராசரி போட்டு, பக்கத்தின் தலையில் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொருவர் போன் ஸ்பீக்கரில் கேட்டாராம். கிதாரின் தடித்த கம்பி வழக்கமான சுருதியில் வினாடிக்கு 82 முறை அதிரும். பேஸ் கிதாரில் 41 முறை. விரல் நகம் அகலமுள்ள ஸ்பீக்கர் அந்த அளவு காற்றை எப்படித் தள்ளும்? ஆல்பத்தின் பாதி அவர் காதுக்கு வந்து சேரவே இல்லை. இத்தனைக்கும் 'ஸ்பெஷல் லோ ஃப்ரீக்வென்சி வெர்ஷன்', அதாவது தாழ்ந்த அதிர்வெண் சிறப்புப் பதிப்பு, என்பது அந்த ஆல்பத்தின் பெயரிலேயே இருக்கிறது. நீங்கள் பெயரை அச்சடித்தபோது அதை வெட்டிவிட்டீர்கள்.

"ஹெவி ராக் என்றார்கள், வேகமே இல்லை" என்பதும் ஒரு கருத்து. வேகத்துக்கும் கனத்துக்கும் என்ன சம்பந்தம்? ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சாபத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமி தகரத் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். கம்பி இறுக்கமாக இருந்தால் அழுத்த முடியவில்லை; அதனால் பிற்பாடு சுருதியைத் தாழ்த்திக் கம்பியைத் தளர்த்தினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்தத் தாழ்ந்த ஒலியைக் கேட்கலாம். கனம் அங்கிருந்து வந்தது. பிளாக் சாபத் முன்பு வைத்துக்கொண்டிருந்த பெயர்தான் எர்த். கார்ல்சன் அதை எடுத்துத் தன் குழுவுக்கு வைத்தார். இந்த இரண்டு வரி உங்கள் அறிமுகத்தில் இருந்திருந்தால் பாதிப் பேர் வேறு மாதிரி கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில், கார்ல்சன் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் நண்பர் என்ற ஒரே விஷயத்தை வைத்து முழுப் பத்தி எழுதினீர்கள்.

இது இன்று ஆரம்பித்த வருத்தமும் இல்லை. ராக் பாடகர் லூ ரீடும் மெட்டாலிகா குழுவும் சேர்ந்து 2011இல் கொடுத்த 'லூலு'வைப் பற்றி இதே பகுதியில் வசைகளை மட்டும் பொறுக்கிப் போட்டீர்கள். எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு தட்டையும் முழுக்கக் கேட்டுவிட்டு, எது ஏன் ஒட்டவில்லை என்று எழுதி அனுப்பியிருந்தேன். அதிலிருந்து "பிடிக்கவில்லை" என்ற ஒரு வார்த்தையை மட்டும் அச்சடித்தீர்கள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மரியாதை கருதி விட்டுவிட்டேன். ஸ்லீப் குழு ஒரு மணி நேரத்துக்கு ஒரே பாட்டைப் பதிவு செய்ததையும், கம்பெனி அதை வெளியிட மறுத்ததையும், துணுக்குச் செய்தியாகச் சிரிப்புப் படத்தோடு போட்டீர்கள். அதையும் பொறுத்தேன். ஹெவி மெட்டல் என்று எது வந்தாலும் உடனே ஒரு மண்டையோட்டுப் படம் வேறு.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பிடிக்காதவர்களில் ஒருவர், "சுருதியைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள், பாடகர் கடைசி வரை வரவே இல்லை" என்று எழுதியிருந்தார். அவர் முழுக்கக் கேட்டிருக்கிறார். சரியாகவும் கேட்டிருக்கிறார்: அந்தச் சுருதிதான் கச்சேரியே. எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது, ஆனால் அவரோடு உட்கார்ந்து பேச முடியும். அவர் கருத்து பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது.

நான் கேட்பது இரண்டே விஷயம். இனி இந்தப் பகுதியில் கருத்து சொல்பவர் ஆல்பத்தை முழுக்கக் கேட்டாரா, எதில் கேட்டார் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். அடுத்த இதழில் ஆல்பத்தின் பெயரை வெட்டாமல் முழுசாக ஒரு திருத்தமாக வெளியிடுங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்