கணக்கு சார் நோட்டில் உன் பெயர்

கீரமங்கலம்,
7-9-2025

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. விநாயகர் சதுர்த்தியும் ஆவணி முகூர்த்தமும் அடுத்தடுத்து வந்ததில் பூக்கடையை விட்டு அசைய முடியவில்லை. முல்லையும் மல்லிகையும் விடிவதற்குள் வந்து குவிந்துவிடுகின்றன. எடை போட்டு, வண்டி ஏற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. இன்றைக்கு மத்தியானம்தான் கை ஓய்ந்தது.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பட்டுக்கோட்டையில் ஒரு வரன் பார்த்திருக்கிறோம், முடிவானதும் சொல்கிறேன். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் இப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன. அந்தத் தோட்டத்தைப் பழையபடி பார்க்க இன்னும் நாலைந்து வருஷம் ஆகும்.

நீ முதலில் கேட்டது கணக்கு சாரைப் பற்றி. நன்றாக இருக்கிறார். எழுபது ஆகிவிட்டது. முழங்கால் வலி என்று சைக்கிளை விட்டுவிட்டு எக்ஸ்எல் வண்டிக்கு மாறிவிட்டார். 2013-இல் ஓய்வு பெற்றார். ஆனால் ஊரில் யாருக்கும் அவர் ஓய்வு பெற்றது போலத் தெரியாது. ‘ஓய்வு பெற்ற வாத்தியார் தனியாளாக ஊருக்கு இவ்வளவு செய்கிறாராமே, எப்படி?’ என்று கேட்டிருந்தாய். தனியாளாக அவர் எதையும் செய்ததில்லை. அவருக்குக் கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகிறது.

1991-இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிற அறிவொளி இயக்கம் வந்தபோது நீ கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். அதனால் அந்தக் கூத்தில் பாதி உனக்குத் தெரியாது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராக வந்து நாடகம் போட்டு, பாட்டுப் பாடித் தொண்டர்களைச் சேர்த்தார்கள். நம் ஊரில் சார்தான் பொறுப்பு. பகலில் பள்ளிக்கூடம், ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பொம்பளையாட்களுக்கு வகுப்பு. அ, ஆ என்று தொடங்காமல் ‘பட்டா’, ‘படி’ என்று தெரிந்த சொல்லிலிருந்து எழுத்துக்குப் போகிற பாடம் அது. எங்கள் அம்மாவும் போனாள். நாற்று நட்டுவிட்டு வந்த கையோடு சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள், அப்பா முறைப்பார். ஒருநாள் பெரியப்பா வீட்டுக்குப் போய், எங்கள் நிலத்துப் பட்டாவை எடுத்து வரச் சொல்லி, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி அப்பாவின் பெயரைப் படித்துவிட்டாள். பெரியப்பாவுக்கு முகம் போன போக்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

சைக்கிள் பழகியதும் அப்போதுதான். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. பார் வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே மாவட்டம் முழுக்கப் பெண்கள் பழகினார்கள். நம் ஊரில் முதலில் யாரும் முன்வரவில்லை. சார் யாரையும் போய் வற்புறுத்தவில்லை. தன் வீட்டுக்குப் போய் மனைவியிடம், அதான் நம் அக்காவிடம், கேட்டார். ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் அக்கா விழுந்து எழுந்தார். முழங்கையில் மஞ்சள் பற்றோடு தண்ணீர் பிடிக்க வருவார். அடுத்த வாரம் வாடகை சைக்கிள் கடையில் சைக்கிள் மிஞ்சவில்லை. இதைச் சொன்னால் சாருக்குப் பெருமை சேர்க்கிறார்கள். எனக்கென்னவோ அதில் முக்கால்வாசி அக்காவுக்குச் சேர வேண்டியது.

1992-இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். விழா முடிந்ததும் பல ஊர்களில் விளக்கை அணைத்துவிட்டார்கள். சார் விடவில்லை. கற்றது மறந்து போகும் என்று, வாரம் ஒரு நாளாவது பேப்பர் படிக்கிற கூட்டமாக அதை வைத்திருந்தார். அந்தச் சமயத்தில் போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது, அதுதான் விஷயமே.

முழுநீள நோட்டு, அட்டைக்குக் காக்கித்தாள் உறை. அவரிடம் படித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு எந்த வருஷமோ அந்த வருஷத்தின் கீழ் பெயர்கள். பெயருக்கு நேரே என்ன தொழில், என்ன தெரியும், எந்த நாளில் ஓய்வு. ஒருவருக்கு நேரே ‘கொத்தனார், மழைக்காலத்தில் சும்மா இருப்பான்’, இன்னொருவருக்கு ‘டிராக்டர் உண்டு, டீசல் மட்டும் கொடுக்க வேண்டும்’, வேறொரு பெண்ணுக்கு ‘கையெழுத்து அழகு, மனு எழுதலாம்’. என் பெயருக்கு நேரே என்ன இருந்தது தெரியுமா? ‘கடை மூடிய பின் வருவான், கோபக்காரன், கூட்டத்தில் பேச விடக் கூடாது.’ நம் பக்கத்து மொய் நோட்டு போலத்தான், ஆனால் ரூபாய்க்குப் பதிலாக எல்லாம் நேரம். ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தால் அது ஏறும். அவன் வீட்டில் ஓர் ஆபத்து என்றால் நாலு பேருடைய ஞாயிறு அவனுக்குத் திரும்பும்.

‘எல்லோரும் வந்து உதவி செய்யுங்கள்’ என்று அவர் பொதுவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்டால் அடுத்தவன் போவான் என்று எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள் என்பார். ‘நீ வியாழக்கிழமை மூன்று மணிக்கு மண்வெட்டியோடு மடைக்கிட்ட வா, அஞ்சு மணிக்கு விட்டுடுறேன்’ என்பார். சொன்னபடி அஞ்சு மணிக்கு விட்டும்விடுவார். அதனால்தான் அடுத்த தடவையும் ஆள் வருகிறது.

கஜா அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. அதைப் பற்றி நான் போனில் அழுததை நீ கேட்டிருக்கிறாய், திரும்ப எழுத மாட்டேன். காற்று நின்று வெளிச்சம் வந்ததும் அவரவர் தோப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சார் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். மரம் அறுக்கிற மிஷின் யாரிடம் இருக்கிறது, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, யார் இன்சுலின் போடுகிறவர்கள். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனதே, இன்சுலினை என்ன செய்வது? பெரிய மண்பானையில் ஈரமணல், அதற்குள் சின்னச் சட்டி, அதில் மருந்து, மேலே ஈரத்துணி. வீடு வீடாக இதை வைத்துக் காட்டியது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். அவர் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்.

பேராவூரணி, கொத்தமங்கலம் என்று சுற்றுப்பக்கத்து இளைஞர்கள் அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் குளம் தூர்வார இறங்கியது கஜாவுக்குப் பிறகுதான், நினைவிருக்கும். நம் பையன்களும் கிளம்பினார்கள். உள்ளே மண்ணை அள்ளிக் கரையில் போட்டுப் படம் எடுத்தாயிற்று. சார் மட்டும் ‘குளம் ஆழமானா போதுமா, தண்ணி எந்த வழியா வரும்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்து வாரி பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் நில அளவைப் புலப்படம் வாங்கி, நம் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய டியூபை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டே போனார்கள். கருவேலம் புதரை வெட்டி வெட்டிப் போனால் ஓர் இடத்தில் வாரி, பருத்திச்செடிக்குள் போய் மறைகிறது. யாருடைய வயல் என்று பார்த்தால் சாரின் சொந்த மைத்துனருடையது!

அன்றைக்கு எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். சார் ஒன்றும் பேசவில்லை. பருத்தி எடுத்து முடிகிற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் படத்தைக் கொண்டுபோய் மைத்துனர் முன்னால் விரித்து, எல்லைக்கல்லை எங்கே நடுவது என்று அவரையே கேட்டார். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த வீட்டு விசேஷம் எதற்கும் அக்காவுக்கு அழைப்பு இல்லை. வாரியில் மட்டும் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஓடியது. மற்ற ஆக்கிரமிப்புக்காரர்கள் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். சொந்தக்காரனிடமே எடுத்தவர் நம்மை விடுவாரா என்ற கணக்குதான்.

இப்போது அவர் முழுமூச்சாக இருப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான என்எம்எம்எஸ் என்கிற உதவித்தொகைத் தேர்வில். உன் பிள்ளைகள் கோவையில் தனியார் பள்ளியில் படித்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ எட்டாவது படிக்கும்போது இதை எழுதித் தேறினால், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் மாசம் ஆயிரம், வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷம். பூப்பறிக்கப் போகிற வீட்டில் அந்தப் பணம் ஒரு பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தாமல் வைக்கும். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. சனி, ஞாயிறு காலையில் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் வகுப்பு. முன்னால் தேறிய பிள்ளைகள் வந்து பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும், அதுதான் கட்டணம். கொரோனாவுக்குப் பிறகு அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது நம் ஊர்த் தன்னார்வலர்களில் பாதிப் பேர் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து எழுந்த பெண்கள்தான்.

போன வாரம் அங்கே போனேன். எண் தொடரில் விட்டுப்போன எண்ணைக் கண்டுபிடிக்கிற கணக்கு. ஒரு பையன் விடையைச் சொல்லிவிட்டான், சரியான விடை. சார் ‘எப்படி?’ என்றார். தெரியவில்லை. ‘அப்ப அது உன் விடை இல்லடா, தவறி விழுந்த விடை’ என்று சொல்லி மறுபடி போட வைத்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் சொன்ன அதே வசனம். ஆள் மாறவே இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு ஆசிரியர் இடம் காலி. ‘சார், நீங்களே வந்து எடுத்துக் கொடுங்க’ என்று பெற்றோர்கள் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். எனக்குக்கூடக் கோபம். ‘நான் போய் நின்னா அந்த இடம் நிரம்பிட்டதா நினைச்சுக்குவாங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போடுங்க, மாசாமாசம் போடுங்க, நகலை எடுத்துக்கிட்டு நேர்ல போங்க’ என்றார். தீர்மானத்தை எழுதியது நோட்டில் இருக்கிற அந்தக் கையெழுத்து அழகான பெண். ஆசிரியர் வருகிறவரை பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வரலாம், அதற்கு மேல் இல்லை என்றார். அந்த வருஷம் பிள்ளைகள் சிரமப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது படுகிறது. தொண்டு என்ற பெயரில் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக்கிவிட்டால், வேலைக்குக் காத்திருக்கிற பி.எட். பிள்ளைகள் எங்கே போவார்கள்?

அவரைப் புனிதராக்கி எழுதுகிறேன் என்று நினைக்காதே. பிடிவாதம் பிடித்தால் அசைக்க முடியாது. கொட்டகைச் சாவி இன்னும் அவர் மடியில்தான். வீட்டு ஓடு கஜாவில் பறந்தது. ஊரெல்லாம் தார்ப்பாய் கட்டி முடிந்த பிறகுதான் சொந்த வீட்டுக்குக் கட்டினார். ‘எங்க வீட்டுக்காரர் பேரும் அந்த நோட்டுல எங்கயாவது இருக்கான்னு பாருங்க தம்பி, ஒரு நாள் இரவல் வாங்கிக்கிறேன்’ என்று அக்கா என்னிடம் சொன்னது முழுக்கக் கேலியில்லை. தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தபோது வெளியூர் போக மனமில்லாமல் உரிமை விட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சம்பள வித்தியாசம் பென்ஷனிலும் குறைந்ததுதானே? அக்காவுக்கு அது மறக்கவில்லை. நல்லாசிரியர் விருதுக்குக் கோப்புத் தயாரிக்கச் சொன்னபோது, ‘அதுக்கு ஒட்டுற போட்டோவெல்லாம் எடுக்க எனக்கு நேரமில்லை’ என்று முடித்துக்கொண்டார். அது கொஞ்சம் கர்வம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, நீ எழுதியிருந்த பண விஷயம். ஐம்பதாயிரம் அனுப்புகிறேன், சார் இஷ்டப்படி செலவழிக்கட்டும் என்றாய். போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். நூலகத்தில் புரவலராகச் சேர ஆயிரம் ரூபாய் கட்டட்டும், ரசீது வாங்கி அனுப்புகிறேன், மீதி வேண்டாம் என்றார். பணம் வந்தால் கணக்குக் கேட்க ஆள் வரும், கட்சி வரும், கல்வெட்டு வரும் என்ற பயம் அவருக்கு. அப்புறம் நோட்டைப் புரட்டி உன் வருஷத்தை எடுத்தார். உன் பெயருக்கு நேரே இதுவரை வெறுமையாக இருந்தது. ‘இவன் பேங்குலதானே இருந்தான்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

விஷயம் இதுதான். என்எம்எம்எஸ் தேறிய பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இன்னொரு பெயர், இனிஷியல் முன்னால் பின்னால் என்று ஏதாவது ஒன்றில் பணம் நின்றுவிடுகிறது. சிலருக்குக் கணக்கில் ஆதாரே இணைந்திருக்காது. எந்தப் படிவம், யாரைப் பார்ப்பது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருஷம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நீ. வாரம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரை, போனிலேயே பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் வழி சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு விட்டுவிடுவாராம்.

வருகிற சனிக்கிழமை சாரே முதலில் கூப்பிடுவார். நம்பரைக் கொடுத்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. முதல் பிள்ளை என் கடையில் பூக்கட்டுகிற அம்மாவின் மகள், ஒன்பதாவது படிக்கிறாள், ஆதாரில் பிறந்த வருஷமே தப்பு. அதைத் திருத்த என்னென்ன வேண்டும் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி