சித்தப்பா, அந்த பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்

அன்புள்ள சித்தப்பா,

நமஸ்காரம். நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். காலையில் லண்டனில் பஸ் ஏறி, வின்ட்ஸர் கோட்டை, ஸ்டோன்ஹெஞ்ச், பாத் மூன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவது ஒரு நாள். மறுநாள் கேன்டர்பரி பேராலயமும் டோவர் வெள்ளைப் பாறைகளும். ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் ஏறக்குறைய இதே தாளைத்தான் பார்க்கிறேன். அதனால்தான் உங்களுக்கு மட்டும் எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

அந்த இடங்கள் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். இறங்கிய இடத்தில் வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கோயிலுக்குப் போனால் ஒவ்வொரு தூணின் முன்னாலும் நின்று பார்க்கிறவர் நீங்கள். உங்களுக்கு இது சரிப்படாது. அந்த இரண்டு நாட்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு வாருங்கள். விட்பியில் இரண்டு இரவு, லிண்டிஸ்பார்ன் தீவில் ஓர் இரவு. அது போதும்.

இரவு தங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே கடல் நம் ஊர்க் கடல் மாதிரி இல்லை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். விட்பியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது ஐந்து மீட்டரை நெருங்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் பாசி படிந்த பாறை கிடக்கும். இந்தக் கரையின் வரலாறும் அந்தத் தண்ணீரோடு சேர்ந்தே நடந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்புகிற பஸ்ஸில் வந்தால் ஊரின் ஒரு முகம்தான் கண்ணில் படும்.

விட்பியில் எஸ்க் ஆறு கடலில் சேர்கிறது. ஆற்றின் கிழக்கே மேட்டின் மேல் கூரையில்லாமல் நிற்கும் மடாலயம்தான் ஊருக்கே அடையாளம். அங்கே முதல் மடம் 657-இல் தோன்றியது. அதன் தலைவி ஹில்டா என்ற பெண். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் அவர் ஒருவருக்குக் கட்டுப்பட்டு அங்கே வாழ்ந்தார்கள். 664-இல் இந்தக் கரையை ஆண்ட நார்தம்ப்ரியா நாட்டின் அரசர் ஆஸ்வியு அதே இடத்தில் ஒரு சபையைக் கூட்டினார். ஈஸ்டர் எந்த நாளில் வருகிறது என்பதுதான் வழக்கு. அரசர் அயர்லாந்துத் துறவிகளின் கணக்கைப் பின்பற்றினார், அரசி ரோமாபுரியின் கணக்கை. ஒரே அரண்மனையில் அவர் பண்டிகைச் சாப்பாடு சாப்பிடும்போது இவர் இன்னும் விரதத்தில் இருப்பார். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று நம் வீட்டில் வருஷா வருஷம் நடக்கிற விவாதம் உங்களுக்கு நினைவுக்கு வரும். அரசர் ரோமாபுரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தோற்ற தரப்புக்காகப் பேசியவர் லிண்டிஸ்பார்னின் ஆயர் கோல்மன். தன்னோடு வர விரும்பியவர்களை அழைத்துக்கொண்டு அவர் அந்தத் தீவை விட்டே போய்விட்டார். இந்த இரண்டு இடங்களையும் ஒரே பயணத்தில் பாருங்கள் என்று நான் சொல்வது அதற்காகவும்தான்.

இன்று நிற்கும் சுவர்கள் பெரும்பாலும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-இல், மடம் மூடப்பட்டது. பிறகு காற்றும் மழையும் தின்றன. நடுக்கோபுரம் 1830-இல் விழுந்தது. 1914 டிசம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் இந்தக் கரையைத் தாக்கியபோது மிச்சமிருந்ததிலும் குண்டு விழுந்தது. இத்தனைக்குப் பிறகும் கிழக்குச் சுவரின் உயர்ந்த ஜன்னல் வளைவுகள் வரிசை கலையாமல் நிற்கின்றன. அவற்றின் வழியாக வானம் தெரியும். அங்கே அவசரப்படாதீர்கள்.

மேலே ஏற 199 படிகள். சித்தியின் முழங்காலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மடாலயத்துக்கு அருகில் வரை கார் போகும். படி ஏறியே தீருவேன் என்று அவர் சொன்னால், இடையிடையே அகலமான தளங்களும் பெஞ்சுகளும் உண்டு. சவப்பெட்டியைத் தோளில் சுமந்து மேலே உள்ள தேவாலயத்துக்குப் போனவர்கள் இறக்கி வைத்து இளைப்பாறிய இடங்கள் அவை.

இப்போது தாத்தாவின் பூஜையிலிருந்து உங்களிடம் வந்த சாளக்கிராமத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கல்லுக்குள் சுருள் சுருளாகச் சக்கரம். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கிற அந்தக் கல், அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம். அந்த அம்மோனைட் இனம்தான் விட்பியின் கரைப் பாறைகளிலும் கிடக்கிறது. வயது ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகள். நம்மவர்கள் அதில் திருமாலின் சக்கரத்தைக் கண்டார்கள், இங்குள்ளவர்கள் சுருண்ட பாம்பைக் கண்டார்கள். மேட்டில் நெளிந்த பாம்புகளை ஹில்டா பிரார்த்தனையால் கல்லாக்கினார் என்பது ஊர்க்கதை. கல்லில் தலையைக் காணோமே என்று யாரும் கேட்காதபடி, பாம்புத் தலை செதுக்கிச் சேர்த்து விற்றிருக்கிறார்கள். அறிவியலாளர்களும் ஒரு வகை அம்மோனைட்டுக்கு ஹில்டோசெராஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஊர் மியூசியம் பேனட் பூங்காவில் இருக்கிறது, அங்கே நிறையப் பார்க்கலாம். கரையில் தேடுவதானால் நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது மட்டும் போக வேண்டும். பாறைச் சரிவின் அடியில் நிற்கக் கூடாது. அது அடிக்கடி சரியும், நீர் ஏறினால் திரும்பும் வழியும் அடைபட்டுவிடும்.

கிரேப் லேனில் ஒரு பழைய வீடு, இப்போது மியூசியம். 1746-இல் ஜேம்ஸ் குக் கப்பல் தொழில் பழக வந்து சேர்ந்த முதலாளியின் வீடு அது. அவர் பின்னாளில் பசிபிக் கடலுக்குக் கொண்டுபோன என்டெவர், இதே ஊரில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல். அடிப்பாகம் தட்டையானது. நீர் இறங்கினால் சாயாமல் மணலில் உட்காரும். ஆஸ்திரேலியாவின் பவளப்பாறையில் மோதி ஓட்டை விழுந்தபோது, கரையேற்றிச் சரிசெய்ய அந்த அடிப்பாகம்தான் உதவியது. துறைமுகத்தில் கடல் வற்றிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தபின் அந்த வீட்டுக்குள் போனால், கப்பலை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்தில் ராபின் ஹூட்ஸ் பே என்ற சின்ன ஊர், பஸ்ஸிலேயே போகலாம். ஒரு காலத்தில் கள்ளக்கடத்தலுக்குப் பேர் போன இடம். செங்குத்தான தெரு, சித்தி மேலேயே தேநீர்க் கடையில் இருக்கட்டும். நீங்கள் நீர் இறங்கும் நேரத்தில் கீழே போனால், கடலடிப் பாறைகள் வில் வில்லாக வளைந்து வெளியே தெரியும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. விட்பி இருக்கும் யார்க்‌ஷயரில் பல கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

லிண்டிஸ்பார்னுக்கு பெரிக் வரை ரயில். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடைசிப் பகுதியில் கடல் கூடவே வரும். தீவுக்குள் போகும் தார்ச்சாலை நாளுக்கு இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். பஸ் நேரமும் அதற்கேற்ப நாளுக்கு நாள் மாறும். கடக்கும் நேரங்களை உள்ளாட்சி முன்கூட்டியே வெளியிடுகிறது. அப்படியும் 'இன்னும் ஐந்து நிமிடம்தானே' என்று காரை இறக்கிச் சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஏறித் தப்பிக்கச் சாலையோரம் உயரமான கால்களின் மேல் ஒரு மரக்கூண்டு வைத்திருக்கிறார்கள்.

635-இல் ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவிலிருந்து வந்த எய்டன் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார். ஏறக்குறைய 700-இல் இங்கே எழுதி வரைந்த லத்தீன் நற்செய்திச் சுவடி, வண்ணம் மங்காமல் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் சொத்தாக இருக்கிறது. 793-இல் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர்கள் வந்து சூறையாடினார்கள். மடத்தை அமைதிக்காகக் கரையில் கட்டியவர்களுக்கு அதே கடல்தான் எதிரியையும் கொண்டுவந்தது. இப்போது நிற்கும் இடிபாடு பிறகு வந்த துறவிகள் எழுப்பியது. மெல்லிய ஒற்றை வளைவு ஒன்று இரு தூண்களுக்கு நடுவே அந்தரத்தில் நிற்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். குன்றின் மேல் உள்ள சிறு கோட்டையை வீடாக மாற்றியவர் லட்யன்ஸ், புது டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே மனிதர்.

பகலில் தீவு நெரிசலாகத்தான் இருக்கும். சாலை மூழ்குவதற்கு முன் கார்கள் எல்லாம் வரிசையாகக் கிளம்பிவிடும். அதன் பிறகு மடத்துக்குத் தெற்கே உள்ள பாறை மேட்டுக்குப் போங்கள். மணல்திட்டில் கிடக்கும் சாம்பல் நிறச் சீல்கள் ஊளையிடுவது அங்கிருந்து கேட்கும். பாட்டு என்றும் சொல்ல முடியாது, அழுகை என்றும் சொல்ல முடியாது. தெற்கே பேம்பரா கோட்டை தெரியும். எய்டனை அழைத்த அரசர் இருந்த இடம் அது. ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும், ஆகவே அவசரமில்லை.

நீங்கள் வரும் தேதி முடிவானதும் உடனே எழுதுங்கள். தீவில் அறைகள் குறைவு, சீக்கிரம் பதிய வேண்டும். அன்றைய ஏற்ற வற்ற நேரத்தையும் பார்த்துச் சொல்கிறேன். பெரிய பெட்டிகளை லண்டனிலேயே விட்டுவிடுங்கள். கோடை என்று நம்பி ஸ்வெட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள், கடலிலிருந்து மூடுபனி ஏறினால் ஜூனிலும் குளிரும். யார்க் ஸ்டேஷனில் நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் அண்ணன் மகள்