இருபக்க பிளக் ஒயர் ஏன் தருவதில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"ஜெனரேட்டரை விற்பார்களாம், வீட்டோடு இணைக்க ஒரு ஒயர் கேட்டால் தர மாட்டார்களாம். எல்லாம் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் விற்க ஆடும் நாடகம்" என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (வீட்டை மின்வாரிய லைனிலிருந்து ஜெனரேட்டருக்கும் திரும்ப லைனுக்கும் மாற்றும் சுவிட்ச்தான் சேஞ்ச்ஓவர்.) உங்களில் சிலர் எங்களுக்கே அனுப்பினீர்கள். மற்றதை விடுங்கள், அந்த 'நாடகம்'தான் உறுத்துகிறது.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை நாங்கள் செய்து தருவதில்லை, இனியும் தர மாட்டோம். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் செருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும், உண்மைதான். ஆனால் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாக வெளியேறி, தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறினால் 230 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாகிவிடும். லைனை நிறுத்தியாயிற்று என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அது எப்படித் தெரியும்?

"மெயினை ஆஃப் செய்துவிடுவோமே" என்கிறார்கள். செய்வீர்கள், சரி. வீட்டில் எல்லோருமா, இருட்டில், ஒவ்வொரு முறையுமா? மறந்த நேரத்தில் லைன் திரும்பி வந்தால் ஜெனரேட்டர் எரிந்துபோகலாம், தீயும் பிடிக்கலாம். மெயின் ஆஃபிலேயே இருந்தாலும், சாக்கெட்டிலிருந்து கழன்ற பிளக்கின் பின்களில் கரண்ட் இருக்கும். குழந்தை தொட்டால் போதும்.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச்சில் லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை விட்டால்தான் மற்றது பிடிக்கும். யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டாம். அதை எங்களிடமே வாங்குங்கள் என்று எப்போது சொன்னோம்? எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் மாட்டட்டும். நியூட்ரலை மாற்றுவதா, எர்த்தை எப்படிக் கொடுப்பது என்பதை அவர் வயரிங்கைப் பார்த்துச் சொல்வார். மின் அலுவலகத்திலும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜும் இரண்டு ஃபேனும் ஓடினால் போதும் என்பவர்களுக்கு சுவிட்ச்சே தேவையில்லை. ஜெனரேட்டரிலிருந்து நேராக, தடிமனான எக்ஸ்டென்ஷன் ஒயர் போதும். இதையும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள்தான் சொல்கிறோம்!

அந்தப் பதிவுக்கு எங்கள் சார்பில் பதில் சொன்ன பழைய வாடிக்கையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. நாங்கள் கேட்காமலே பேசினீர்கள், மறக்க மாட்டோம்.

அப்புறம், எங்கள் மூத்த எலக்ட்ரீஷியன் விலகிவிட்டதால் சுவிட்ச்சைப் பொருத்தித் தர மூன்று வாரம் வரை ஆகலாம், கூலியும் சற்று கூடியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும்போது ஜெனரேட்டரின் கேவிஏ அளவையும் (அது எவ்வளவு மின்சக்தி தரும் என்பது), தண்ணீர் மோட்டாரின் குதிரைத்திறனையும் குறித்து வாருங்கள். 3 கேவிஏ என்றால் சுமார் 13 ஆம்பியர்தான். மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு இழுக்கும். எப்போதுமே ஜெனரேட்டரை, புகை வீட்டுக்குள் வராதபடி, வராந்தாவில் வைக்காமல், ஜன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் ஓட்டுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்